திரை தூக்குவதற்கு முந்தின குளிர்காலம்

இப்ஸனின் ‘ஜனங்களின் விரோதி’ நாடகத்தை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை காலேஜில். டாக்டர் ஸ்டாக்மன் கூட்டத்தின் நடுவே தனியாக நின்று பேசுகிற நான்காம் அங்கத்தைப் படித்துவிட்டு, எந்த ஊர் ஜனங்களுக்கு நாம் விரோதியாகலாம் என்று இரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. இரண்டாவது தடவை, நாலைந்து நாவல்கள் எழுதிக் கை பழகிய பிறகு. அப்போது டாக்டரைவிட, மேயராக இருக்கிற அவருடைய அண்ணன்தான் நல்ல வார்ப்பாகத் தெரிந்தார். மூன்றாவது தடவை, ஒரு கோர்ட்டுத் தீர்ப்பைப் படித்து முடித்த கையோடு. அந்தத் தடவைதான் நாடகத்தில் ஓர் அங்கம் குறைகிறது என்று பட்டது. ஐந்து அங்கமும் சரியாகத்தான் இருக்கின்றன. முதல் அங்கத்துக்கு முன்னால் வர வேண்டிய ஒன்றை அந்த மனிதர் எழுதாமல் விட்டுவிட்டார்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாடகம் வெளிவந்தது 1882-ல். நார்வேயில் கடலோரத்தில் ஒரு சிறு ஊர். உடம்புக்கு நல்லது என்று வெளியூர்க்காரர்கள் வந்து குளிக்கிற ஸ்நான விடுதி ஒன்றை அங்கே கட்டுகிறார்கள். ஊருக்குப் பணம் வருகிறது, வீட்டு வாடகை ஏறுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். விடுதியின் வைத்தியரான டாக்டர் ஸ்டாக்மன், குழாயில் வருகிற தண்ணீரிலே விஷம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார். மேலே பள்ளத்தாக்கில் தோல் பதனிடும் சாலைகள் இருக்கின்றன. அவற்றின் கழிவு குழாய்த் தண்ணீரில் கலக்கிறது. அந்தச் சாலைகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரன் மார்ட்டன் கீல் என்கிற கிழவன். டாக்டரின் மனைவியை எடுத்து வளர்த்த தகப்பன். குழாயை மாற்றிப் போட இரண்டு வருஷமும் சில லட்சம் குரோனரும் ஆகும் என்கிறார் மேயர். செலவு ஊர்க்காரர்கள் தலையில்தான் விழும் என்று தெரிந்ததும் பத்திரிகாசிரியர், அச்சாபீஸ்காரர், வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். டாக்டருக்குக் கிடைக்கிற பட்டம்தான் நாடகத்தின் தலைப்பு.

இனி தீர்ப்பு. வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கம் 1991-ல் போட்ட வழக்கில், 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பு அது. எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங். தீர்ப்பை இலக்கியம் போலப் படிக்கலாமா என்று கேட்பவர்கள் ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். அலங்காரமில்லாத வசனம்; பாதிக்கு மேல் கணக்கு. ஒரு கிலோ தோலைப் பதனிடக் கிட்டத்தட்ட 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். குரோமியப் பதனிடுதலில் ஏறக்குறைய 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன. ஐந்து மாவட்டங்களில் 900-க்கு மேல் தோல் சாலைகள். விவசாயப் பல்கலைக் கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கணக்கெடுத்ததில், கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் பயிருக்கு முழுவதுமோ அரைகுறையாகவோ உதவாமல் போயிருக்கிறது. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுவிட்டன. அந்த 350 கிணறுகளைப் பற்றித் தமிழில் யாராவது ஒரு நாவல் எழுதியிருக்கிறோமா? நான் எழுதவில்லை.

இந்தத் தீர்ப்பில்தான் ‘முன்னெச்சரிக்கைக் கோட்பாடு’ என்பது இந்தச் தேசத்தின் சட்டத்தில் ஒரு பகுதி என்று முதன்முதலில் தெளிவாகச் சொல்லப்பட்டது. பெயர்தான் பயமுறுத்துகிறது, விஷயம் எளிது. பெரிய சேதம், திரும்பி வராத சேதம் வரும் போலிருக்கிறது. ஆனால் விஞ்ஞானத்துக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. அப்போது ‘சந்தேகம் தீரட்டும், பார்க்கலாம்’ என்று சர்க்கார் காத்துக்கொண்டிருக்கக் கூடாது. 1992-ல் ரியோ நகரத்தில் கூடிய நாடுகளின் பிரகடனத்திலே பதினைந்தாவது வாசகமாக இது வருகிறது. அதற்கு முன்னால் ஜெர்மனியில் 1970-களில் இதற்கு ஒரு சொல் இருந்தது. முன்கூட்டியே கவலைப்படுவது, கவனித்துக்கொள்வது என்று இரண்டு அர்த்தமும் சேர்ந்த குடும்பச் சொல் அது.

நாவலாசிரியனுக்கு வார்த்தை வார்த்தையாக ஒப்பிட்டுப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு. ரியோ வாசகத்தில் ‘கடுமையான அல்லது திரும்பாத’ சேதம் என்று இருக்கிறது. வேலூர்த் தீர்ப்பில் ‘கடுமையான, திரும்பாத’ என்று இரண்டும் சேர்ந்துவிட்டது. ரியோவில் ‘முழு’ நிச்சயம் இல்லாவிட்டாலும் என்று இருந்ததில் ‘முழு’ போய்விட்டது. செலவுக்குத் தகுந்த பலன் தரும் நடவடிக்கை என்று அங்கே ஒரு வியாபாரப் பேச்சு இருக்கிறது. இங்கே அது இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், ரியோவில் இல்லாத ஒரு வாக்கியம் தீர்ப்பில் புதிதாக வருகிறது. ‘உன்னால் கெடுதல் இல்லை என்று நீதான் காட்ட வேண்டும்’ என்கிறது அது. கெட்டுப்போனது என்று கிணற்றுக்காரன் காட்ட வேண்டியதில்லை. சாலைக்காரன்தான், தன்னால் கெடவில்லை என்று காட்ட வேண்டும். குற்றம் சொல்கிறவனே நிரூபிக்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் ரத்தத்தில் ஊறிப்போன நியாயம். அதைத் தலைகீழாகத் திருப்பி வைக்கிறது இந்த ஒரு வாக்கியம்.

இதைப் படித்துவிட்டு நாடகத்தை எடுத்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு விசித்திரம். ஐந்து அங்கத்திலும், நான் தேடிப் பார்த்த வரையில், ஒருவராவது தோல் சாலைக்காரனைப் பார்த்து, ‘ஐயா, உன் கழிவை நீ சுத்தம் செய்’ என்று சொல்லவில்லை! குழாயை மாற்றுவதைப் பற்றி, சாக்கடை கட்டுவதைப் பற்றி, கடன் வாங்குவதைப் பற்றி, பத்திரிகையில் போடுவதைப் பற்றி எல்லாம் பேசுகிறார்கள். சத்தியம், பெரும்பான்மை, தனிமனிதன் என்று டாக்டர் வானத்துக்கு ஏறிப் பேசுகிறார். கீல் கிழவன் தன் சாலையில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறான். கடைசி அங்கத்தில் அவனே வருகிறான். அதுவும் மானம் போகிறதே என்று. தகப்பன், பாட்டன் காலத்திலிருந்து மூன்று தலைமுறையாக ஊருக்கு விஷம் கொடுத்தவர்கள் என்ற பெயரோடு சாக மாட்டேன் என்கிறான். டாக்டரின் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எழுதி வைக்க இருந்த பணத்தையெல்லாம் போட்டு, விலை விழுந்துகிடக்கிற விடுதிப் பங்குகளை வாங்கிவிட்டேன், இனி உன் வாயில் இருக்கிறது உன் பெண்டாட்டி பிள்ளைகளின் சோறு என்கிறான். நாடகத்திலேயே பயங்கரமான இடம் இதுதான். நிரூபிக்கும் பாரம் யார் தலையில் இருக்கிறது என்பதை இதைவிட நன்றாக யாரும் காட்டியதில்லை.

அந்த இடத்தில் டாக்டர் ஒரு நிமிஷம் ஆடிப்போகிறார். இவ்வளவு நிச்சயமாக மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், என்ற அர்த்தத்தில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருகிறது. முதல் இரண்டு தடவையும் அதை நான் கவனிக்கவில்லை. நிச்சயம் இல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? விட்டுக்கொடுத்திருப்பார். சந்தேகம் என்பது அந்த நாடகத்தில் கோழைகள் ஓடி ஒளிகிற கதவு. கடைசியில் டாக்டர் ஒரு விஸிட்டிங் கார்டில் ‘மாட்டேன்’ என்று மூன்று தடவை எழுதி அனுப்புகிறார். கைதட்டல் விழுகிறது. நிச்சயம் இருப்பவன் கார்டில் எழுதி அனுப்பிவிடலாம்.

இங்கேதான் எனக்கு அந்த எழுதாத அங்கத்தின் ஞாபகம் வருகிறது. முதல் அங்கத்தில் டாக்டர் தாமே சொல்கிற விவரங்களைக் கோத்துப் பார்த்தால் ஒரு கதை கிடைக்கிறது. விடுதி கட்டும்போதே, தண்ணீர் எடுக்கிற இடம் தாழ்வாக இருக்கிறது என்று அவர் எழுதிப் பார்த்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை. போன வருஷம் குளிக்க வந்தவர்களில் சிலருக்கு விஷ ஜுரம், வயிற்றுக் கோளாறு. வரும்போதே கொண்டுவந்த வியாதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். குளிர்காலத்தில் டாக்டருக்குச் சந்தேகம் தட்டுகிறது. பரிசோதிக்கக் கருவிகள் கிடையாது. தண்ணீரை எடுத்து யூனிவர்ஸிடிக்கு அனுப்புகிறார். காத்திருக்கிறார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பதில் கடிதம் வந்த பிறகுதான் திரை தூக்குகிறார் இப்ஸன். நிச்சயமாகத் தெரியாமல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய நான் என்ன பைத்தியமா என்கிற தோரணையில் டாக்டர் பெருமைப்பட்டுக்கொள்கிறார்.

அந்தக் குளிர்காலம்தான் எனக்கு வேண்டும். முன்னெச்சரிக்கைக் கோட்பாடு பேசுவது அந்தக் குளிர்காலத்தைப் பற்றித்தான். கடிதம் வந்த பிறகு கோட்பாடு எதற்கு? அப்புறம் தைரியம் இருந்தால் போதும். இப்ஸன் தைரியத்தைப் பற்றி எழுதினார். சந்தேகத்தைப் பற்றி எழுதவில்லை. அவருக்கு அது தெரியாது என்று சொல்ல மாட்டேன். மேடை அதைத் தாங்காது என்று தெரிந்துதான் விட்டிருப்பார். சத்யஜித் ராய் 1989-ல் இதைப் படமாக எடுத்தபோது தோல் சாலையையே எடுத்துவிட்டு, கோயில் தீர்த்தத்தில் கிருமி என்று மாற்றிக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நம்பிக்கைக்கும் விஞ்ஞானத்துக்கும் சண்டை என்றால் யார் பக்கம் நிற்பது என்பதில் படம் பார்க்கிறவனுக்குக் குழப்பமே இல்லை. இப்ஸன் கொடுத்த கொஞ்ச நஞ்சக் கஷ்டத்தையும் ராய் குறைத்துவிட்டார் என்பது என் அபிப்பிராயம்.

என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அத்தை பாலாற்றங்கரையில் ஒரு கிராமத்தில் இருந்தாள். ஆற்றில் தண்ணீர் ஓடுவதில்லை, மணலுக்குள்ளே போய்க்கொண்டிருக்கும். கையால் தோண்டினால் ஊறும். 1980-களில் ஒரு தடவை போயிருந்தபோது, “ஏண்டா, கொஞ்ச நாளாகப் பருப்பு வேகமாட்டேன் என்கிறது, சோப்பு நுரைக்கமாட்டேன் என்கிறது, தென்னை மட்டை நுனியெல்லாம் காய்கிறது. நீதான் பத்திரிகையிலெல்லாம் எழுதுகிறாயே, எழுதேன்” என்றாள். நான் படித்தவன் அல்லவா? “பரிசோதனை செய்து பார்க்காமல் எழுதக் கூடாது, அத்தை” என்றேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பட்டணத்துக்கு வந்தேன். அது என் மேஜைக்குக் கீழே ரொம்ப நாள் இருந்தது. எங்கே கொடுப்பது, யாரைக் கேட்பது என்று ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொள்வேன். ஒரு பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது யாரோ கொட்டிவிட்டார்கள்.

அத்தை ரசாயனம் படித்தவள் அல்ல. ஆனால் பருப்பு வேகாததைவிட முந்தின சோதனை எது இருக்கிறது? தோல் கெடாமல் இருக்க உப்புத் தடவித்தான் சாலைக்கு வருகிறது. முதல் வேலை அதை ஊறவைத்து உப்பைக் கழுவுவது. அந்தத் தண்ணீர் பூமிக்குள் போகிறது. குரோமியத்தையாவது பிரித்து எடுக்கச் சுலபமான வழி உண்டு. தண்ணீரில் கரைந்த உப்பை எடுப்பது பெருஞ்செலவு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்திலும் உப்பு இருந்தது. பதனிடும் அளவு பெருகி, குரோமியமும் சேர்ந்தபோது மண் தாங்கவில்லை. திரும்பாத சேதம் என்று சட்டம் சொல்வதற்கு அத்தை வீட்டுக் கொல்லையைக் காட்டினால் போதும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் தோல் சாலையில்தான் வேலை செய்தார்கள். அத்தைக்கு அது தெரியும். “சாலையை மூடச் சொல்லி எழுதிவிடாதே, அதுகள் எங்கே போகும்?” என்றும் அதே மூச்சில் சொன்னாள். ‘ஜனங்களின் விரோதி’யில் தோல் சாலைத் தொழிலாளி ஒருவன் மேடைக்கு வந்து ஒரு வார்த்தையாவது பேசுகிறானா? இல்லை. தீர்ப்பிலும் அவன் குரல் தேய்ந்துதான் கேட்கிறது. தோல் ஏற்றுமதியில் வருகிற அந்நியச் செலாவணியைப் பற்றி, அதற்காகச் சுற்றுப்புறத்தை அழிக்க உரிமை இல்லை என்று நீதிபதி கண்டிப்பாகச் சொல்கிறார். செலாவணிக்குச் சொன்ன பதில் சரி. கூலிக்குச் சொன்ன பதில் எங்கே என்று நான் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

தீர்ப்பின் பேரில் எனக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நிச்சயம் வருகிற வரையில் காத்திருக்காதே என்று சொன்ன அந்தத் தீர்ப்பு, நிச்சயத்தையெல்லாம் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறது! 35,000 ஹெக்டேர் போன பிறகு சந்தேகம் எங்கே இருக்கிறது? கழிவைச் சுத்தம் செய்யுங்கள் என்று பத்து வருஷத்துக்கு மேல் சாலைக்காரர்களிடம் கெஞ்சிப் பார்த்தாகிவிட்டது என்று தீர்ப்பே சொல்கிறது. ஒவ்வொரு சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், நஷ்டஈட்டைக் கணக்கிட ஓர் அதிகார சபை, சென்னை ஹைகோர்ட்டில் தனி பெஞ்சு எல்லாம் நல்ல உத்தரவுகள். ஆனால் அவை கெடுத்தவன் கொடுக்க வேண்டும் என்கிற மற்றொரு கோட்பாட்டைச் சேர்ந்தவை. முன்னெச்சரிக்கை என்ற சொல்லை ஒரு செத்த ஆற்றின் கரையில் நின்றுகொண்டு பிரகடனம் செய்தார்கள். இதே பாலாற்றைப் பற்றி 2025-ம் வருஷம் ஜனவரி 30-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நஷ்டஈடு போய்ச் சேராதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுங்கள் என்றது அது.

ஸ்டாக்மன் வீட்டுக் குளிர்காலம் உண்மையில் வருகிற வழக்கு வேறொன்று, ஹைதராபாத்தினுடையது. அந்த நகரத்துக்குக் குடிதண்ணீர் தருகிற உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளுக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் ஆமணக்கு எண்ணெயிலிருந்து ரசாயனப் பொருள்கள் செய்கிற தொழிற்சாலை ஒன்று கட்டப்பட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதி மறுத்தது. மேல் அதிகாரியிடம் போனபோது, விஞ்ஞானி ஒருவரின் வாக்குமூலத்தை ஏற்று அனுமதி கிடைத்துவிட்டது. ஏரி இன்னும் கெடவில்லை. கெடும் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. கெடாது என்றும் முடியாது. 1999 ஜனவரியில் நீதிபதி ஜகன்னாத ராவ் எழுதிய தீர்ப்பைப் படித்தால், விஞ்ஞானம் தெரியாத ஜட்ஜுகள் விஞ்ஞானிகளுக்குள்ளே இருக்கிற சண்டையை எப்படித் தீர்ப்பது என்று ஒரு மனிதர் வெளிப்படையாகக் கவலைப்படுவது தெரியும். விடை தெரியாத போது ஏரியின் பக்கம் தவறு செய்வதா, தொழிற்சாலையின் பக்கம் தவறு செய்வதா என்பதுதான் அங்கே கேள்வி. 2000-ல் ஏரியின் பக்கம் முடிவாயிற்று. வேலூர்த் தீர்ப்பைவிட இதை உயர்ந்த எழுத்து என்று நான் நினைக்கிறேன். அழகில் அல்ல, உரைநடை சில இடங்களில் கல்லும் முள்ளுமாக இருக்கிறது. தனக்குத் தெரியாது என்பதை ஒளிக்காமல், தெரியாமையை வைத்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வருகிறது, அதனால் உயர்ந்தது.

ஆனால் இதை யார் கதையாக எழுதுவார்கள்? ஏரி கெடவில்லை, ஒருவரும் சாகவில்லை, கூட்டம் கூடவில்லை, கல் எறியவில்லை. நடக்காமல் போன விபத்துக்குக் கதாநாயகன் கிடையாது. தொழிற்சாலைக்காரர், ‘ஒன்றும் ஆகியிருக்காது’ என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருக்கலாம். அவர் சொல்வது பொய் என்று காட்டவும் வழியில்லை. அவருடைய கோபத்தில் நியாயமும் இருக்கலாம். கெடுதலே இல்லை என்று முற்றாக நிரூபிக்க எந்த மனிதனாலும் முடியாதுதான். இந்தக் கோட்பாட்டைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் அடுப்புக்கூட மூட்ட முடியாது. சர்க்கார் விரும்பினால் கிட்டே வராமலும் வைத்துக்கொள்ளலாம். 2000 அக்டோபரில் நர்மதை அணை வழக்கில், அணையின் விளைவுகள் தெரிந்தவைதான், தெரியாத மாசு விஷயத்துக்குத்தான் இந்தக் கோட்பாடு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு ஒதுக்கிவிட்டது. நீதிபதி பரூச்சா அந்த வழக்கில் மாறுபட்டார். 2010-ல் வந்த பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், இந்தக் கோட்பாட்டைப் பின்பற்றித்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று எழுத்திலேயே வைத்துவிட்டது. ஆக, சட்டப் புஸ்தகத்தில் அதற்கு இடம் கிடைத்துவிட்டது. கதைப் புஸ்தகத்தில்தான் இன்னும் இல்லை.

போன வருஷம் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது, “அப்படியானால் அந்த அங்கத்தை நீரே எழுதிவிடுமே” என்றார். வீம்புக்கு உட்கார்ந்தேன். குளிர்காலம். டாக்டர் யூனிவர்ஸிடிக்குத் தண்ணீர் அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே பனி. அடுத்த பருவத்துக்கு அறைகள் கேட்டு வெளியூரிலிருந்து கடிதங்கள் வருகின்றன. அண்ணன் அவற்றைக் கொண்டுவந்து படித்துக் காட்டிச் சிரிக்கிறார். டாக்டரும் சிரிக்க வேண்டியிருக்கிறது. அண்ணன் போன பிறகு மனைவி விளக்கைத் தாழ்த்திவிட்டு, “என்ன யோசனை?” என்று கேட்கிறாள். பன்னிரண்டு பக்கம் எழுதியாகிவிட்டது. அவள் கேட்டபடியே நிற்கிறாள். அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.